மலை ஏறாத வண்டிகளும் வசந்தா கொடுத்த கேமும்

போன மாதம் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் நிவேதா. இன்ஜினியரிங் முடித்தவள், பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்து ஓட்டும் கூட்டமொன்றில் இருக்கிறாள். பையிலிருந்து ஒரு பழைய இன்ஜின் சாமானையும் அதே மாதிரி ஒரு புதிய சாமானையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். பழையதைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, அதே அளவில் இரும்புத்தூளை வைத்து அச்சடித்துக் கொடுக்கிறார்களாம். "முடி அளவுகூட வித்தியாசம் இல்ல அங்கிள்" என்றாள். இரண்டையும் கையில் எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தேன். நிஜமாகவே வித்தியாசம் இல்லை.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கீங்க! தேய்ஞ்சதையும் சேத்து அச்சடிச்சிட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று சமையல்கட்டிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். நிவேதா மட்டும் அசையவில்லை. "பாத்தவுடனே எப்படி அங்கிள் சொன்னீங்க? யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். அடடா, அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. அன்று மாலை வரைக்கும் பேசியும் தீரவில்லை. மிச்சத்தை எழுதித் தரச் சொன்னாள். எழுதுகிறேன்.

என் சொந்தக் கதையில் ஒன்றும் இல்லை. தியாகதுருகத்தில் பிறந்தேன். ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது இரும்பு கடையும் வேலை, படித்தேன். சேலத்தில் ஒரு பட்டறையில் இரண்டு வேளை சோறும் மூன்று வேளை திட்டும் சாப்பிட்டேன். பிறகு கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் லேத் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வும் பெற்றேன். ஆலை எனக்குச் சோறு போட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்ட இடம் கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் இருந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதை நடத்தியவர் வசந்தா.

வசந்தாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவருடைய அப்பா பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். உலகப் போர் முடிந்ததும் பட்டாளம் கழித்துப் போட்ட இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் ஏலத்தில் எடுத்தார்கள். பச்சைப் பெயின்ட், ஒற்றைச் சிலிண்டர், இரும்பு இரும்பாக ஒரு உடம்பு. எங்களுக்கு அது பட்டாள வண்டி. அந்த வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அப்பா கடை போட்டார். அவர் இறந்ததும் கடையை மூடிவிடுவார்கள் என்று ஊரே நினைத்தது. வசந்தா மறுவாரமே கல்லாவில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டார்.

நான் போனது ஒரு கேமுக்காக. கேம் என்றால் இப்போது பிள்ளைகள் செல்போனில் ஆடுவது இல்லை. இன்ஜினுக்குள் சுற்றும் ஒரு இரும்புத் துண்டு. ஒரு பக்கம் மட்டும் முட்டையின் முனை மாதிரி மேடாக இருக்கும். அந்த மேடு சுற்றி வரும்போது வால்வைத் தூக்கும். வால்வு திறந்தால்தான் இன்ஜின் மூச்சு வாங்கும். பழைய இரும்புக் கடையிலிருந்து நான் தூக்கிவந்த பட்டாள வண்டியில் அந்தக் கேம் உடைந்திருந்தது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ அந்த மாடலை நிறுத்திவிட்டது.

வசந்தா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். எண்ணெயில் நனைந்த துணிக்குள்ளிருந்து கேமை எடுத்து, என் கையில் வைத்து மூடினார்.

"எங்கப்பா வெச்சிருந்த சாம்பிள். எடுத்துக்கினு போங்க. இத்த பாத்து ரெண்டு செய்யணும். ஒண்ணு உங்க வண்டிக்கு. இன்னொண்ணு, உங்களுக்கு அடுத்து எவனாவது இல்லாம அலைவான் பாருங்க, அவனுக்கு. காசு வாங்கக் கூடாது. அவன்கிட்டயும் ரெண்டு செய்யச் சொல்லணும்."

"என் பேருகூடக் கேக்கலியேம்மா நீங்க?"

"கேம் திரும்பி வரும்போது பேரும் கூட வரும் இல்ல?" என்று சிரித்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வீடு வரைக்கும் அந்தக் கேமைச் சட்டைப்பையில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். சேலம் பட்டறையில் ஒரு திருப்புளியைக் கடன் கேட்டால் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இந்த அம்மா ஊரில் ஒன்றே ஒன்று இருக்கும் சாமானை, பெயர் தெரியாதவனிடம் தூக்கிக் கொடுக்கிறார்!

சாம்பிளைப் பார்த்துச் செய்யும் முறையையும் அவர்தான் காட்டினார். புது இரும்பை லேத்தில் ஓரளவுக்குக் கடைந்துகொள்ள வேண்டும். அதையும் சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அச்சில் கோத்து நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். பிறகு வைஸ் இடுக்கியில் பிடித்து அரத்தால் ராவித் தேய்க்க வேண்டும். புது இரும்பு மெத்து, சாம்பிள் கெட்டி. ராவிக்கொண்டே வரும்போது, புது இரும்பு சாம்பிளின் மட்டத்துக்கு வந்ததும், அரம் கெட்டி இரும்பின்மேல் பட்டு வழுக்கும். வழுக்கினால் கையை எடுத்துவிட வேண்டும். சுற்றிலும் அப்படியே வழுக்கிவிட்டால் உருவம் வந்துவிட்டது. அப்புறம் இரும்புப் பெட்டியில் கரித்தூளும் எலும்புத்தூளும் போட்டு, நடுவில் கேமைப் புதைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, கொல்லன் உலையில் ஆரஞ்சுப் பழ நிறம் வரும்வரை வேகவைத்து, எடுத்த சூட்டோடு எண்ணெயில் போட வேண்டும். மேல்தோல் கெட்டியாகிவிடும். சரியாக வந்ததா என்று பார்க்க மறுபடியும் அதே அரம். "அரம் கடிச்சா வேகல, அரம் வழுக்கினா வெந்துடுச்சு" என்பார், இட்லி வெந்ததா என்று பார்க்கிற அதே முகத்தோடு.

அவர் திட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். சாதாரண நாளில் 'தனபாலு, வாங்க'. நான் எதையாவது கெடுத்துவிட்டால் 'தனபால் சார்'. நல்லது ஏதாவது நடந்துவிட்டால் மரியாதையெல்லாம் பறந்து 'யோவ்' ஆகிவிடும். அந்த 'யோவ்' கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்தில் வீட்டில் கிரைண்டர் கெட்டுப் போனால் ஒரு மாதம் ஆகும். வசந்தா கடைக்கு மட்டும் குளித்துவிட்டுப் போவேன்.

இப்படி ரெண்டு ரெண்டாகச் செய்து, சாம்பிள் மட்டும் டப்பாவுக்குத் திரும்பிவர, அதன் நகல்கள் ஆத்தூர், சின்னசேலம், சேலம், விழுப்புரம் என்று எங்கெங்கோ போய்விட்டன. ஆயுத பூஜை அன்று பட்டாள வண்டிக்காரர்கள் எல்லாரும் வசந்தா கடை வாசலுக்கு வண்டியோடு வருவார்கள். பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரி கடலை தின்று, அவரவர் வண்டியின் பெருமையை அவரவர் பேசுவார்கள். அத்தனையும் ஆம்பிளைகள். நடுவில் ஒரே ஒரு பெண்ணின் பேச்சு எடுபட்டதென்றால் அதற்கு ஒரே காரணம்தான். வசந்தா கொடுத்த சாமான் தப்பாது. அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவர் பட்டபாடு எனக்குத் தெரியும். அது ஒருநாள் தப்பாதா என்று காத்திருந்தவர்களும் உண்டு. சின்னசேலம் ராமலிங்கம் அதில் முதல் ஆள். அரிசி மண்டி வைத்திருந்தார், மீசையும் பெரிது, வாயும் பெரிது. "கரண்டி புடிக்கிற கையி அரம் புடிக்குது, பாப்போம்" என்று வசந்தாவின் காதுபடவே சொல்வார். ஆனால் அவருடைய வண்டிக்குள்ளும் வசந்தாவின் கேம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லா வண்டிக்கும் ஒரே ஒரு குறை. மலை ஏறாது. சமவெளியில் சிங்கம் போல ஓடும். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைப் பாதையில் ஏற ஆரம்பித்தால் இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்கும், சூடு ஏறும், நின்றுவிடும். காரணம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் பெட்ரோல் சரியில்லை என்பார். இன்னொருவர் நம்ம ஊர் வெயில் என்பார். குளிர் தேசத்துக்கென்று செய்த வண்டி, அது மலைக்கு ஆகாது என்று கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டு விட்டோம். வசந்தாவும்தான்.

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. வடமாவட்டம் பூராவும் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, கரும்பு லாரி இல்லை, ஆலையில் வேலை இல்லை. அந்த வாரத்தில் உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. அதனால் அதை நான் திருவிழா மாதிரி எழுத மாட்டேன். ஆனால் எனக்கு நடந்தது அந்த வாரத்தில்தான், வேறு எப்படிச் சொல்வது?

வசந்தா கடை ஒற்றைக் கதவு மட்டும் திறந்திருந்தது. மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு நடந்தே இறங்கிவந்த ஒரு ஆள், சைக்கிளுக்கு வால்வு டியூப் வாங்க நின்றிருந்தார். வாசலில் நின்ற வசந்தாவின் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி வண்டி ஒண்ணு மேல கரியாலூர் தாண்டி எங்க சித்தப்பன் வூட்டுல கெடக்குது" என்றார்.

நான் உச்சுக் கொட்டினேன். இன்னொரு பிணம், அவ்வளவுதானே. வசந்தாவின் கையில் இருந்த டியூப் அப்படியே நின்றது.

"யோவ் தனபாலு!"

"இன்னாம்மா?"

"மேல கெடக்குதுன்றாரே, கேட்டியா? மலைமேல கெடக்குதுய்யா! ஏறாத வண்டி எப்படிய்யா மேல போச்சு?"

இத்தனை பேர் இத்தனை வருஷம் பேசினோமே, ஒருத்தனுக்காவது இது தோன்றியதா! லாரியில் ஏற்றிப் போயிருக்கலாமே என்று நான் இழுத்தேன். அந்த ஆள் தலையை ஆட்டினார். கடுக்காய்க் குத்தகைக்காரர் ஒருவர் அந்த நாளில் ஏலத்தில் எடுத்த கையோடு ஓட்டிக்கொண்டு ஏறினாராம். அப்போது மேலே லாரி போகும் ரோடே கிடையாதாம்.

மறுநாள் காலை வசந்தாவின் வண்டியில் கிளம்பிவிட்டோம். அவர் கணவர் பஸ் கண்டக்டர். பஸ் ஓடாததால் வீட்டில்தான் இருந்தார். "கல்லு கில்லு பட்டுடப் போவுது, ஜாக்கிரதை" என்று மட்டும் சொல்லி, கடையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். வடக்கனந்தலுக்கு முன்னாலேயே ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். எழுந்து வந்தவரைப் பார்த்தால் எங்கள் ஆலை ஃபிட்டர் ஏழுமலை!

"இன்னா தனபாலு, ஊரே அடங்கிக் கெடக்குது, நீ வண்டி ஓட்டிக்கினு வர்றே? திரும்பிப் போயிடு."

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா இறங்கிவிட்டார். மலைமேல் இருக்கும் வண்டியைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னார். ஏழுமலை முதலில் முறைத்தார், அப்புறம் தலையைச் சொறிந்தார், கடைசியில் மரத்தின்மேல் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"தோ பாருங்கம்மா, நாங்க ஊருக்கெல்லாம் ஒரு பேச்சு பேசிட்டோம். எந்த வண்டியும் ஓடக் கூடாது. எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும்தான் குந்திக்கினு இருக்கறோம், உங்கள தடுக்கறதுக்கு இல்ல. ஓட்டாதீங்க. உருட்டிக்கினு போங்க. உருட்டினா ஓட்டினதாவாது."

சொன்னதோடு நிற்கவில்லை. நாலைந்து பேர் இறங்கிவந்து அந்தக் கனத்த வண்டியை அப்படியே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "கண்ணுக்கு மறையற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்று ஒருவர் கூவினார். வசந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தள்ள, ஏரிக்கரைத் திருப்பம் வரை உருட்டினோம். ஆள் ஒருவரும் கண்ணில் படாத இடத்தில்கூட வசந்தா இன்னும் கொஞ்ச தூரம் உருட்டச் சொன்னார். சொன்ன சொல் சொன்னதுதானாம். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மலையடிவாரத்தில் கிளப்பினோம். வழக்கம்போல இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. ஒரு பாறையின் நிழலில் நிறுத்திவிட்டு, ஸ்பேனர் பையை நான் தோளில் மாட்டிக்கொள்ள, நடந்தே ஏறினோம்.

சித்தப்பன் என்று அந்த ஆள் சொன்னவர் சடையன். சாமை வயலில் நின்றிருந்தார். வண்டியைப் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்துவிட்டார். கியர் பெட்டி உடைந்து, ஆள் அனுப்புகிறேன் என்று அவருடைய அப்பாவிடம் விட்டுப்போன குத்தகைக்காரர் திரும்பவே இல்லையாம். கொட்டகைக்குள் போனோம். பட்டாள வண்டி! பச்சைப் பெயின்ட்கூட அங்கங்கே மிச்சம். பெட்ரோல் டேங்கின்மேல் கூடை கட்டி, அதில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது.

"தொறந்து பாத்துக்கங்க. ஆனா தட்டக் கூடாது. முட்ட கூவெ ஆயிடும், குஞ்சு பொரிக்காது" என்றார் சடையனின் மனைவி. வேடிக்கையாகச் சொல்லவில்லை. கூடையின் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

துருப்பிடித்த திருகை எந்த மெக்கானிக்காவது தட்டாமல் கழற்றியிருக்கிறானா? நாங்கள் கழற்றினோம்! ஒவ்வொரு திருகின் தலையிலும் மண்ணெண்ணெய் விட்டு, ஊறும்வரை உட்கார்ந்திருந்து, திருப்புளியை உள்ளங்கையால் அழுத்திக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து எடுத்தோம். கோழி ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசித் திருகு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மூடியைத் திறந்தால், உள்ளே பழைய எண்ணெய் மெழுகாகக் கட்டி, அதற்குள் கேம். துடைத்ததும் புத்தம் புதிதாக மின்னியது. குத்தகைக்காரர் அதை அதிகம் ஓட்டவே இல்லை.

வசந்தா பிஸ்கட் டப்பா சாம்பிளை மடியிலிருந்து எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து ஒரே அச்சில் கோத்தார். கட்டைவிரல் நகத்தை இதிலிருந்து அதற்கு இழுத்தார். மேட்டின் உச்சியில் நகம் டக்கென்று தட்டி நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி தட்டியது. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். அப்பாவின் சாம்பிள் ஒரு படி தாழ்ந்திருந்தது.

அதாவது, அவருடைய அப்பா பத்திரப்படுத்தியதே ஓடித் தேய்ந்த கேம். தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்து ராவிய ஒவ்வொரு கேமும், பிறக்கும்போதே தேய்ந்து பிறந்தது. வால்வு முழுசாகத் திறக்கவில்லை. பாதி மூச்சில் சமவெளியில் ஓடிவிடலாம், மலை ஏற முடியுமா? மாவட்டம் மாவட்டமாக எல்லா வண்டியும் ஒரே இடத்தில் நின்றதற்குக் காரணம் வெயிலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. வசந்தா அள்ளி அள்ளிக் கொடுத்ததுதான்.

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு கேமையும் அச்சிலிருந்து கழற்றித் துணியால் துடைத்தார். பிறகு என் தோளில் பட்டென்று ஒரு அடி.

"யோவ்! நம்ம வண்டிங்க ஏறும்யா! எல்லா வண்டியும் ஏறும்!"

"கோழி!" என்றார் சடையனின் மனைவி.

சடையனிடம் இரவல் கேட்டோம். ரெண்டு செய்கிற வழக்கத்தைச் சொல்லி, ஒன்று அவருக்குத் தருகிறோம் என்றதும், "எனக்கு எதுக்கும்மா? கோழிக்கா?" என்று கேட்டுவிட்டு, கேமை ஒரு தேக்கு இலையில் சுற்றிக் கொடுத்தார்.

ஆலை திறப்பதற்குள் புது கேமைச் செய்து முடித்தேன். வசந்தாவின் வண்டியில் பொருத்தி மலைப்பாதைக்குக் கொண்டுபோனோம். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. நிற்கவில்லை! மூன்றாவது! பின்னால் உட்கார்ந்து நான் போட்ட கூச்சலில் ரோட்டோரத்து மாடுகள் மிரண்டு ஓடின. கரியாலூரில் டீ குடித்தபோது வசந்தா கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் டீ பாதி புடவையில்.

சந்தோஷம் ஆறிய பிறகுதான் அடுத்தது உறைத்தது. ஆயுத பூஜை வருகிறது. எல்லாரும் வருவார்கள், அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றார் வசந்தா. எனக்கு வேறு யோசனை.

"வசந்தாம்மா, ஏன் சொல்லணும்? புது டிசைனு, மலைக்குன்னு தனியா செஞ்சதுன்னு சொல்லி ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம். நம்ம பேரும் கெடாது. அந்த ராமலிங்கம் வாயில எதுக்கு விழணும்?"

"தனபால் சார்" என்றார். "இவங்க எல்லாரும் ரெண்டு செஞ்சாங்க இல்ல? அந்த ரெண்டாவது யார்கிட்ட போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? குடுத்தவங்களுக்குத்தான் தெரியும். தேய்ஞ்சதுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தான அவங்க போயி அத்த திரும்ப வாங்குவாங்க? புது டிசைனுன்னு சொன்னா எவன் போவான்?"

"உங்க பேரு?"

"போனா போவுது" என்றார். கடையை நடத்த அவரிடம் அந்தப் பெயரைத் தவிர வேறு என்ன இருந்தது? எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருக்கச் சொல்லி யார் கேட்டார்கள் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. வெட்டிய மரங்களை ஓரம் கட்டி ரோடு திறந்துவிட்டிருந்தார்கள். கடை வாசல் கொள்ளாமல் பட்டாள வண்டிகள். ராமலிங்கம் மாலை போட்ட வண்டியில் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். கற்பூரம் காட்டி முடித்ததும் வசந்தா ஒரு ஸ்டூல்மேல் இரண்டு கேமையும் கோத்து வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"எங்கப்பா வெச்சிருந்த சாம்பிள் தேய்ஞ்சது. அது எனக்குத் தெரியல. தேய்ஞ்சதத்தான் நான் உங்க எல்லாருக்கும் குடுத்திருக்கேன். அதனாலதான் ஒரு வண்டியும் மலை ஏறல. தப்பு என்னுது. வந்து நகத்த வெச்சிப் பாருங்க. உங்களுக்கெல்லாம் தனபாலு புதுசா செஞ்சு தருவாரு. நீங்க யாருக்குக் குடுத்தீங்களோ, அவங்ககிட்ட போயி வசந்தா குடுத்தது தப்புன்னு சொல்லி வாங்கிக்கினு வாங்க."

பொரி மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. ஒவ்வொருவராக வந்து நகத்தை வைத்தார்கள், தள்ளி நின்றார்கள். கடைசியாக ராமலிங்கம் வந்தார். இதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் நகத்தை இரண்டு முறை இழுத்தார். ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றார். குரலில் மண்டிக்காரர் தோரணையே இல்லை.

"எனக்கு இது முன்னாடியே தெரியும்" என்றார்.

வசந்தா நிமிர்ந்தார்.

"ஆத்தூர்ல வேற ஒரு பழைய பட்டாள வண்டியப் பிரிச்சப்போ பாத்தேன். அதுல மேடு ஒசரமா இருந்துச்சு, என்னுதுல கம்மியா இருந்துச்சு. வசந்தாம்மா குடுத்தது தப்பாதே, நாந்தான் ராவும்போது கை அழுத்திட்டேன்னு நெனச்சி, வெக்கத்துல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஏதோ சாக்கு சொல்லி சாம்பிள மறுபடி வாங்கிக்கினு போயி இன்னும் ரெண்டு செஞ்சேன். அதுவும் அப்படியே வந்துச்சு. எனக்குக் கையே சரியில்லன்னு விட்டுட்டேன்."

பின்னால் நின்ற விழுப்புரத்துக்காரர் மெதுவாக, "நானுந்தான், அரம் சரியில்லன்னு மாத்தினேன்" என்றார். ஆத்தூர்க்காரர் உலையைக் குறை சொல்லிக் கொல்லனோடு சண்டையே போட்டிருக்கிறார். தங்கள் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், அரத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். வசந்தாவைச் சந்தேகப்பட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கேலி பேசிய ராமலிங்கத்துக்கே வரவில்லை.

தப்பு என்னுது என்று சொன்னபோது கலங்காத வசந்தாவுக்கு அப்போதுதான் கண்ணீர் கொட்டியது. அழுதுகொண்டே சண்டைக்குப் போனார்.

"ஏன்யா சொல்லல? தெரிஞ்ச அன்னிக்கே வந்து, ஏம்மா நீ குடுத்தது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னாய்யா? இத்தினி வருசத்துல எத்தினி தரம் மலை ஏறியிருக்கலாம்! இனிமே எங்கிட்ட சாமான் வாங்கறவன் எவனா இருந்தாலும், அதுல இன்னா குத்தம்னு கண்டுபுடிச்சிக்கினுதான் திரும்ப வரணும், ஆமாம்!"

ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டே, "சரிம்மா" என்றார்.

அன்று முதல் ஆலையில் யார் சாம்பிள் கொண்டுவந்து நீட்டினாலும், "இது புதுசுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்காமல் நான் லேத்தைத் தொட்டதில்லை. எனக்குப் 'புதுசுல எப்படி' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிடும்போது பெருமையாகத்தான் இருந்தது.

எல்லாருக்கும் கேம் செய்துமுடிக்கத் தை பிறந்துவிட்டது. ரெண்டாவதாகப் போனவற்றையும் முடிந்தவரை தேடிப்பிடித்து வாங்கிவந்தார்கள். எங்கெங்கோ ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் வசந்தா கொடுத்தது தப்பாமே என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்கள்; வந்தவர்கள் கடைக்கே வாடிக்கையாகிவிட்டார்கள். காணும் பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு எல்லா வண்டிகளும் ஒன்றாக மலை ஏறின. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஏழுமலைகூட என் பின்னால் உட்கார்ந்து வந்தார். சடையனுக்கு உரிய கேமும் அவருடைய வண்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

கரியாலூரில் வசந்தா முதலில் போய் நின்று, வளைவில் திரும்பி வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக ராமலிங்கத்தின் வண்டி வந்தது. நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, மலை ஏறிய சந்தோஷத்தைக்கூடக் காட்டாமல், அத்தனை பேர் முன்னாலும் அவர் கத்தினார்.

"யம்மா வசந்தாம்மா! இந்தக் கேமுலயும் ஒரு குத்தம் இருக்குது!"

செய்தவன் நான்தானே! வசந்தா சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினார். பரிசு விழுந்தவர் ஓடுகிற மாதிரி ஓடினார்.

"சொல்லுய்யா! இன்னா குத்தம்? மொதல்ல இருந்து சொல்லு!"

"வால்வு எறங்கும்போது சத்தம் ஜாஸ்தியா வருது. மேட்டுக்கு அந்தப் பக்கம் சரிவு செங்குத்தா இருக்குது போல."

வசந்தா அங்கேயே மண்ணில் குந்திவிட்டார். திருப்புளியின் முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடிக் கட்டையில் காதை அழுத்தினார். ராமலிங்கம் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஆக்சிலரேட்டரைத் திருகிக் காட்டினார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வசந்தா தலையைத் தூக்கினார். கண், பல், மூக்குத்தி எல்லாம் சிரித்தது.

"ஆமாய்யா, தப்புதான்!" என்றார்.